தேயிலைப் பெட்டி ஈயம்

786
காஜிமார் தெரு, மதுரை
2-4-1942

மதராசில் இருக்கும் என் மச்சான் அவர்களுக்கு, அஜ்மல் பீவி எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இங்கே நானும், என் அத்தாவும், நம் மகள் சுல்தானும் சுகம். உங்கள் சுகத்துக்குத்தான் குறைவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது.

அத்தாவுக்குக் காது இன்னும் மோசம். துப்பாக்கி விற்கிறவர் ஒவ்வொன்றையும் சுட்டுப் பார்த்தே விற்க வேண்டும் என்று வாலிபத்திலிருந்து சுட்டுச் சுட்டு, இப்போது பள்ளிவாசல் பாங்குச் சத்தம்கூடக் கேட்பதில்லை. நான்தான் தோளைத் தட்டித் தொழுகைக்கு எழுப்புகிறேன். ஆனாலும் கடை வாசலில் உட்கார்ந்தால் லைசென்ஸ்காரர் சேக் இஸ்மாயில் ராவுத்தர் என்ற கெத்து குறையவில்லை. சுல்தான் தினமும் உங்களை நினைத்து, அத்தா எப்ப வருவாக என்று கேட்கிறாள். எனக்குத் தெரியாது, மதராசில் கேள் என்று சொல்லிவிடுகிறேன்.

கடை விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளைக்காரர் கிளப் குமாஸ்தா ஜெயக்கொடி நேற்றும் வந்துவிட்டுப் போனார். துரைமார்கள் கைத்துப்பாக்கியில் குறி பழகிச் சுட்டுப்போட்ட காலித் தோட்டாக்களைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். சண்டையினால் சீமையிலிருந்து புதுத் தோட்டா வராது, இதையே நிரப்பித் தாருங்கள், மே மாதப் போட்டிக்குள் வேண்டும், முடியாதென்றால் மேலமாசி வீதிக் கடைக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறார் துரை என்கிறார். வெடிமருந்து இருக்கிறது. ஈயக் குண்டுதான் இல்லை. கட்டுபடியாகிற விலையில் மொத்தமாகக் குண்டு பார்த்து வாருங்கள் என்றுதான் உங்களை ரயில் ஏற்றி அனுப்பினோம். ஞாபகப்படுத்துகிறேன்.

ஏனென்றால் உங்கள் கடிதத்தில் குண்டைப் பற்றி நாலு வரிதான் இருக்கிறது. மண்ணடியில் இரண்டு கடைக்காரர்கள் யானை விலை சொன்னதாகவும், போன வருஷம் மவுத்தான தோட்டா வியாபாரியின் விதவைப் பெண்சாதி சாயிரா பானு என்பவரிடம் கிடங்கு நிறையக் குண்டு கிடப்பதாகவும், அவர் பாதி விலைக்குத் தள்ளிவிட நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். அதற்கு மேல் ஒன்றரைப் பக்கத்துக்கு அந்த அம்மாளின் பொறுமை, அந்த அம்மாளின் கணக்கு, அந்த அம்மாள் சுட்ட ரொட்டி. ரொட்டி பூவாட்டம் இருந்ததாமே! நான் சுடுகிற ரொட்டியை எட்டு வருஷமாகத் தின்றுவிட்டு ஒரு நாளாவது எந்தப் பூ மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறீர்களா? அத்தனை வரியிலும் பாவம், பாவம் என்று வேறு. அடேயப்பா, என் மச்சானுக்கு இவ்வளவு இரக்கம் உண்டென்று எனக்குத் தெரியாமல் போயிற்றே.

நீங்கள் அனுப்பிய மாதிரிப் பொட்டலமும் வந்தது. பிரித்தால் குப்பென்று அத்தர் வாசனை. ஈயக் குண்டுக்கு எதற்கு மச்சான் அத்தர்? பை வேறு சாதாரணப் பையா? மெல்லிய துணியில் இரட்டைத் தையல் போட்டு, வாய்க்குச் சுருக்குக் கயிறு கோத்து, நிக்காஹ் வீட்டில் கற்கண்டு கொடுக்கிற பை மாதிரி இருக்கிறது. நம் கடைக் காசிமாயன் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “யக்கா, இந்தக் குண்டு பட்டுச் செத்தா ஆளு மணமாத்தான் சாவான்” என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறு எரிகிறது. மறைக்காமல் எழுதுகிறேன், எரிகிறது.

குண்டு நன்றாகத்தான் இருக்கிறது. அளவும் எடையும் பார்த்தேன், ஒரு குற்றம் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியவில்லையே என்று அதற்கும் எரிகிறது. ஈயத்தை ரயிலில் ஏற்ற அத்தாவின் கையெழுத்துப் போட்ட பாஸ் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். விலை பேசி முடியட்டும், பிறகு பார்க்கலாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்டவர் வீட்டு ரொட்டியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்
அஜ்மல் பீவி


786
மதுரை
17-4-1942

மச்சான் அவர்களுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மதராசைக் காலி பண்ணிக்கொண்டு ஜனம் ரயில் ரயிலாக இங்கே வந்து இறங்குகிறது. ஸ்டேஷனிலிருந்து நம் தெரு வரை மூட்டையும் பெட்டியும் பிள்ளையும் குட்டியுமாக இருக்கிறது. பக்கத்து வீட்டு மாடியில் ஒரு குடும்பம், எதிரே தையல்காரர் வீட்டில் இன்னொரு குடும்பம். மதராஸ் முழுவதும் இங்கே வந்துவிட்டது, நீங்கள் ஒருவர்தான் வரவில்லை. சாயிரா பானு அம்மாளைத் தனியே விட்டுவிட்டு வர மனம் ஒப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே நான் தனியாக இருப்பதற்கு உங்கள் மனம் எப்படி ஒப்பியது? காது கேளாத அத்தாவும் ஏழு வயதுப் பிள்ளையும் இருக்கிறார்களே, அது போதும் என்று விட்டுவிட்டீர்களா?

சரி, கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். இனிமேல் அந்தக் கிடங்குக் குண்டு நமக்குத் தேவையில்லை. ஈயம் கிடைத்துவிட்டது.

எப்படி என்று கேளுங்கள். போன வாரம் தேயிலை வாங்கப் போன காசிமாயன், பொட்டலத்துக்குள் ஒரு துண்டு ஈயத் தகடு ஒட்டிக்கொண்டு வந்ததைக் காட்டினான். மலையிலிருந்து வருகிற தேயிலைப் பெட்டிக்குள் ஈரம் இறங்காமல் இருக்க ஈயத் தகடு ஒட்டி அனுப்புகிறார்கள் அல்லவா? தேயிலையைக் கொட்டிய பிறகு அந்தத் தகட்டை என்ன செய்கிறார்கள் என்று எனக்கு ஒரு யோசனை தட்டியது. யோசனை தட்டியது என்பது பொய். உங்களை எந்த வழியில் சீக்கிரம் ஊருக்கு இழுக்கலாம் என்று ராவும் பகலும் இதே நினைப்பாக இருந்தேன், அதனால் கண்ணில் பட்டது.

வண்டிக்குத் திரை கட்டிக்கொண்டு நானே கீழமாசி வீதிக்குப் போனேன். அங்கே தேயிலை மண்டி வைத்திருக்கிற நல்லகாமன், கொல்லையில் குவிந்து கிடந்த தகட்டைக் காட்டி, “எடுத்துட்டுப் போங்க தாயி, இதுல எலிதான் குடித்தனம் பண்ணுது. எம்புட்டு வேணும்னாலும் அள்ளிக்கிடுங்க” என்றார். சும்மா வேண்டாம் என்று எடை போட்டுப் பழைய ஈய விலை கொடுத்தேன். இரண்டு நடை வண்டி அடித்தோம். கொல்லையில் அடுப்பு மூட்டி, காசிமாயன் உருக்க, நான் அச்சில் ஊற்ற, சுல்தான் எட்ட நின்று வேடிக்கை பார்க்க, வேலை நடந்தது. தகட்டில் ஒட்டியிருந்த தேயிலைத் தூள் கருகித் தெரு முழுக்க டீக்கடை வாசனை. தையல்காரர் எட்டிப் பார்த்து ஒரு கிளாஸ் கிடைக்குமா என்று கேட்டார். குழலில் ஈயம் ஒட்டாமலிருக்கக் குண்டுக்கு ஆட்டுக் கொழுப்பும் தேன்மெழுகும் காய்ச்சிப் பூசியதும் நானேதான். என் விரலைப் பார்த்தால் நீங்கள், கையில் மருதாணிக்குப் பதில் கரியைப் பூசியிருக்கிறாயா என்பீர்கள்.

ஜெயக்கொடி அந்தக் குண்டை எடுத்துப்போய்த் துரையிடம் கொடுக்க, சுட்டுப் பார்த்தார்கள். உங்கள் அத்தர்க் குண்டையும் கூடவே கொடுத்தேன், நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? துரை அத்தர்க் குண்டை முகர்ந்துவிட்டு இது துப்பாக்கிக் கடையா பூக்கடையா என்று கேட்டாராம். இரண்டும் குறி தவறவில்லை. ஜெயக்கொடி என்னிடம், “ரெண்டுல எதுன்னாலும் சரித்தாம்மா, சீக்கிரம் குடுங்க” என்றார். எதுவானாலும் சரியாம்! கிளப்புக்கு எதுவானாலும் சரியாக இருக்கட்டும். எனக்கு அப்படி இல்லை.

ஆகையால் மச்சான், மேலமாசி வீதிக் கடைக்காரன் பயமும் இல்லை, குண்டுப் பஞ்சமும் இல்லை. இந்தக் கடிதம் கண்டதும் அடுத்த ரயிலில் கிளம்பி வாருங்கள். குண்டு வாங்கத்தான் போனீர்கள் என்றால் இனி அங்கே உங்களுக்கு வேலையில்லை. இதற்கு மேலும் நீங்கள் அங்கே இருந்தால் எதற்காக இருக்கிறீர்கள் என்று நான் புரிந்துகொள்வேன்.

அல்லாஹ் உங்களைச் சேமமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

அஜ்மல் பீவி


786
மதுரை
29-4-1942

மச்சான் அவர்களுக்கு.

ஸலாம் எழுதாமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள். எழுதி, கண்ணீர் பட்டு மை கலைந்து, அந்தக் காகிதத்தைக் கிழித்துப்போட்டேன். அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் அனுப்பிய ஆள் வந்தார். பரவைச் சந்தையில் வெங்காய வியாபாரம் செய்கிற வெள்ளைத்துரை. மதராசில் சரக்குப் பணம் வசூலிக்கப் போன இடத்தில் உங்களைப் பார்த்தாராம், நின்றுகொண்டே ரயிலில் வந்தாராம். பாவம், நல்ல மனிதர். கடிதத்தில் எழுதினால் இந்த வீட்டில் படிப்பது நான்தான் என்று, அத்தா காதில் மட்டும் ரகசியமாகச் சொல்லச் சொல்லி அனுப்பினீர்களாமே! மச்சான், எந்த அத்தாவின் காதில்? எட்டு வருஷம் இந்த வீட்டு மாப்பிள்ளையாக இருந்து, என் அத்தாவுடன் ஒரு தட்டில் சோறு தின்ற உங்களுக்கு அது எப்படி மறந்துபோயிற்று? அந்த வீட்டு ரொட்டி அவ்வளவு மறதியைக் கொடுக்குமா?

அழகரைப் பார்க்கப் போகிற கூட்டம் தெரு முனையில் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைத்துரை அத்தா பக்கத்தில் குந்தி, வாயைப் பொத்தி ஏதோ சொன்னார். அத்தா, “என்னது?” என்றார்கள். கொஞ்சம் உரக்கச் சொன்னார். அத்தா, “வெங்காயமா? வேணாம், வீட்ல கெடக்கு” என்றார்கள். மறுபடி சொன்னார், மறுபடியும் வெங்காயம் வேணாம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனிதர் கடைசியில் சந்தையில் ஏலம் கூவுகிற குரலை எடுத்து, “ராவுத்தரே, ஒங்க மாப்ள மதராசுல ஒரு தாலியறுத்த பொம்பளைய நிக்காஹ் பண்ணிக் கூட்டிட்டு வரட்டுமான்னு ஒங்ககிட்ட மட்டும் கேக்கச் சொன்னாரு! ஒங்க மகளுக்குத் தெரிய வேணாமாம்!” என்று கத்திவிட்டார்.

எதிரே தையல் இயந்திரம் நின்றது. மாடிக்கு வந்திருந்த மதராஸ்காரர்கள் கைப்பிடிச் சுவரில் வரிசையாக வந்து நின்றார்கள். நான் கதவுக்குப் பின்னால் குண்டுக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தேன். மெழுகுச் சட்டி கை தவறிக் காலில் கொட்டியது. அது சுட்டதே தெரியவில்லை.

அத்தா தம் காதுக்கே கேட்க வேண்டும் என்பது போல, “எதுக்காம்?” என்று கேட்டார்கள். வெள்ளைத்துரை, அந்த அம்மாளுக்கு யாருமில்லை, ரங்கூனில் இருந்த அண்ணன் போன இடம் தெரியவில்லை, ஊர் காலியாகிறது, நிக்காஹ் செய்து அழைத்துப்போனால் கிடங்குக் குண்டு முழுவதையும் காசில்லாமலே தருகிறாராம் என்று கூவினார். அதற்கு அத்தா, “ஈயத்துக்கா? ஏண்டா, ஈயம் வாங்க எதுக்குடா நிக்காஹ்?” என்று கேட்டார்கள். தெருவே சிரித்தது. அத்தா சிரிக்கவில்லை. உள்ளே வந்து என் தலையில் கை வைத்துவிட்டு, வாசலுக்குப் போய் மறுபடி உட்கார்ந்துகொண்டார்கள்.

ஆக, பாதி விலை போய் இப்போது இலவசமாக ஆகிவிட்டது. இலவசமாகப் போவது ஈயமா, நீங்களா?

வெள்ளைத்துரைக்குச் சாப்பாடு போட்டு, திரைக்கு இந்தப் பக்கம் நின்று அவளைப் பற்றி விசாரித்தேன். ஆமாம், அவள் என்றுதான் எழுதுகிறேன், எனக்கு அந்த உரிமை உண்டு. அழகா என்று கேட்டேன். அவருக்கு வாயில் சோறு அடைத்துக்கொண்டது. பிறகு சொன்னார். புருஷன் அத்தரும் விற்றவராம், அத்தர்ப் புட்டிகளும் குண்டுப் பெட்டிகளும் ஒரே கிடங்கில் கிடக்கிறதாம், அதுதான் அந்த வாசனையாம். பை தைத்த துணி மவுத்தான மனிதரின் சட்டையாம். தெரு காலியானதால் திருடன் பயத்துக்கு அந்தப் பெட்டிகள் மேலேயே பாயை விரித்துப் படுக்கிறாளாம். “அவுக கையும் ஒங்க கை மாதிரியேதான் தாயி, கறுத்துக் கெடக்கு. புருசன் இருந்தப்பவே குண்டு வார்க்கிறது அவுகதானாம்” என்றார்.

இதுதான் மச்சான் எனக்குத் தாங்கவில்லை. அவள் கை வெள்ளையாக, வளையல் குலுங்க இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். திட்டுவதற்கு என்னென்னவோ தயாராக வைத்திருந்தேன். என் கையே போலக் கறுத்த கை என்றால் நான் எதைத் திட்ட? அந்த மாதிரிக் கையைத்தான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால், இங்கே இருந்த கை எட்டு வருஷமாக உங்கள் கண்ணில் ஏன் படவில்லை?

அழுது முடித்துவிட்டு அத்தாவிடம் பேசினேன், ஜாடையிலும் கத்தியும். முடிவு இதுதான். கவனமாகப் படியுங்கள்.

இந்தக் கடிதத்துடன் பாஸ் இருக்கிறது, அத்தா கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கிளப் கொடுத்த முன்பணத்திலிருந்து மணியார்டரும் அனுப்பியிருக்கிறேன். குண்டு முழுவதையும் அவள் சொன்ன பாதி விலைக்கு, ஒரு பைசா குறைக்காமல், விலை கொடுத்து வாங்குங்கள். சும்மா வாங்கக் கூடாது. சும்மா வாங்கினால்தான் பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கும். சண்டை முடிகிற வரை புதுத் தோட்டா வராது, குண்டு செலவாகிவிடும்.

அவளையும் அனுப்பிவையுங்கள். குண்டு விழுகிற ஊரில் ஒரு பொம்பளையைப் பெட்டி மேல் படுக்கவிட்டு இங்கே எனக்கு உறக்கம் வராது. ஆனால் ரயில் ஏற அவளுக்குப் புருஷன் தேவையில்லை, டிக்கெட் போதும். பெண்கள் பெட்டியில் ஏற்றிவிடுங்கள். மதுரை ஸ்டேஷனுக்கு நானும் சுல்தானும் வந்து அழைத்துக்கொள்கிறோம். அவள் என் அறையில், என் பக்கத்தில் படுப்பாள். வேலை செய்தால் அவளுக்குக் கூலி உண்டு. ரங்கூன் அண்ணன் வந்து கூப்பிட்டால் மரியாதையோடு அனுப்பிவைப்பேன். ரொட்டி மட்டும் இந்த வீட்டில் நான்தான் சுடுவேன், அதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் சரக்கோடு பின்னால் வாருங்கள். இதெல்லாம் வேண்டாம், நிக்காஹ்தான் வேண்டும் என்றால் மார்க்கத்தில் இடம் இருக்கிறது, நான் தடுக்க முடியாது. அப்போது பாஸைக் கிழித்துப்போட்டுவிட்டு அங்கேயே இருந்துகொள்ளுங்கள். இந்தக் கடை அத்தாவின் லைசென்ஸ், இந்த வீடு அத்தாவின் வீடு, நானும் சுல்தானும் தேயிலைப் பெட்டி ஈயத்தை உருக்கிப் பிழைத்துக்கொள்வோம். பிழைத்துக்கொள்வோம் என்று எழுதிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியவில்லை. சுல்தான் உங்கள் தொப்பியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். அவளைச் சொல்லி என்ன, அதைத் திருடி நானும் இரண்டு ராத்திரி வைத்துக்கொண்டேன்.

வருகிறீர்கள் என்று நினைத்தே மீதியை எழுதுகிறேன். வரும்போது எனக்கு ஒரு புட்டி அத்தர் வாங்கி வாருங்கள். அவள் கிடங்கு அத்தர் வேண்டாம், அவள் விலையில்லாமல் தந்தாலும் வேண்டாம். வேறு கடைக்குப் போய், நாலு புட்டியைத் திறந்து, நீங்களே முகர்ந்து பார்த்து, அஜ்மலுக்கு எது பொருந்தும் என்று நின்று யோசித்து வாங்க வேண்டும். என் விரலில் ஏறிய கொழுப்பு வாசனை எத்தனை தேய்த்தாலும் போவதில்லை மச்சான்.

எந்த ஊரில் இருந்தாலும் அல்லாஹ் உங்கள் தலைக்கு மேல் குண்டு விழாமல் காப்பாற்றட்டும் என்று ஐந்து வேளையும் துஆச் செய்கிறேன். எந்த ஊரில் இருந்தாலும் என்று வாய்தான் சொல்கிறது.

உங்கள்
அஜ்மல்